ஹோப் டவுன் விளக்கடியில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

பஹாமாஸ் நாட்டின் எல்போ கே தீவில் எங்களுக்கு உதவிய அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு ஆங்கிலத்தில் தனியே எழுதிவிட்டோம். தமிழிலும் நாலு பேர் அறிய எழுத வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம்.

அப்பா ஊர்த் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்டவர். அந்தத் தீவின் ஹோப் டவுன் ஊரில் 1864-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் ஒன்று இன்றும் மண்ணெண்ணெயில், மேண்டில் கட்டி, கையால் காற்றடித்து எரிகிறது என்றபோது அவர் நம்பவில்லை. பயணம் முடிவானதும் அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

பக்கத்துத் தீவின் மார்ஷ் ஹார்பர் ஊரிலிருந்து ஏற்றிவந்த படகோட்டி ஐயா, கலங்கரை விளக்கத்தின் படகுத்துறையிலேயே படகை அணைத்து, அப்பா கால் ஊன்றும்வரை அவர் கையை விடாமல் நின்றீர்கள். நன்றி.

கோபுரத்தில் மொத்தம் 101 படிகள். அப்பாவின் முழங்காலுக்கு அது பெரிய மலை. கலங்கரை விளக்கக் காவலர்களே, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக வந்தீர்கள். மூச்சு வாங்கியபோதெல்லாம் அவசரப்படுத்தாமல் நின்றீர்கள். ஸ்பிரிட்டில் சூடேறிய பிறகு மேண்டில் பளீரென்று பற்றியதும் அப்பா கைகூப்பிவிட்டார். அத்தனை பெரிய கண்ணாடி வில்லை பாதரசத்தில் மிதந்தபடி சுழல்வதைக் காட்டினீர்கள். அதைச் சுழற்றும் எடைக்கல் கீழே இறங்கிவிடும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு முழுவதும், கையால் சுற்றி ஏற்றுவது உங்கள் வேலை. அந்தக் கைப்பிடியை அப்பாவிடம் கொடுத்து நாலு சுற்று சுற்றவும் விட்டீர்கள். எங்கள் வீட்டில் தினமும் அந்தப் பேச்சுதான்.

2019 செப்டம்பர் 1 அன்று டோரியன் புயல் மணிக்கு 295 கி.மீ. வேகக் காற்றோடு இந்தத் தீவில்தான் கரையேறியது. வீடுகள் போயின, கோபுரம் நின்றது. உங்கள் கூரைகளே சிதைந்திருந்த காலத்திலும் இந்தக் கலங்கரை விளக்கத்தைக் கைவிடாமல் செப்பனிட உழைத்த ஊர்மக்களுக்கும் அதன் பாதுகாப்புச் சங்கத்தாருக்கும், பணம் அனுப்பியவர்களுக்கும் தலைவணங்குகிறோம்.

விளக்கேற்றும் வரை இருந்ததால் கடைசிப் படகைத் தவறவிட்டோம். முன்பின் தெரியாத எங்களைத் தங்கள் சொந்தப் படகில் அக்கரை சேர்த்து, பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்க மறுத்த தம்பதியே, உங்கள் பெயரைக் கேட்க மறந்தது இன்னும் உறுத்துகிறது. வழியெல்லாம் அப்பா பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பதினைந்து விநாடிக்கு ஐந்து ஒளிவெட்டு என்று எண்ணிக்கொண்டே வந்தார்.

அன்புடன்,
அப்பாவும் நாங்களும்