ஒரு புள்ளியில் போன வாய்ப்பும் தேசிய இறுதிக்கான ஏற்பாடுகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெச்சூர் பாய்மரப் படகுப் போட்டித் தொடரின் மண்டலச் சுற்றில் நம் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் தேசிய இறுதிப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறார்கள். அங்கே முன்னணியில் வருபவர்கள் சர்வதேச இறுதிக்குப் போவார்கள். மூன்றாவது பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு மாணவி, கடைசிப் பந்தயத்தில் மிதவையை உரசியதற்குத் தானாகவே படகோடு ஒரு தண்டனைச் சுற்றுச் சுற்றியதால், ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்பைத் தவறவிட்டாள்.

கடிதம் இவ்வளவு நீண்டதற்கு அந்த ஒரு புள்ளிதான் காரணம். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் மூன்று பெற்றோர் என் அறைக்கு வந்துவிட்டார்கள். "யாருமே பார்க்கவில்லையாம். அப்புறம் எதற்கு அந்தப் பெண் படகைச் சுற்றினாள்? பயிற்சியாளர் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லையா?" என்று ஒருவர் கேட்டார். சொல்லித் தந்திருக்கிறார், அதனால்தான் சுற்றினாள் என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் அது பதிலாகத் தெரியவில்லை. வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற சமாசாரமும் இல்லை. சரி, எல்லோருக்குமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் ஓட்டுவது ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகு. 1947-இல் கிளார்க் மில்ஸ் என்பவர் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்தது. பிளைவுட் வாங்கி வீட்டிலேயே செய்துவிடலாம் என்பதுதான் அன்றைய எண்ணம். அதனால்தான் முன்பக்கம் கூராக இல்லாமல், பெட்டியை வெட்டினாற்போல் மொண்ணையாக இருக்கும். நீளம் சுமார் 2.3 மீட்டர், எடை 35 கிலோ, ஒரே பாய், ஒரே ஆள். அந்த ஆண்டுக்குள் 16 வயதை எட்டாத பிள்ளைகள் மட்டுமே போட்டியில் ஓட்டலாம். நம் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இதுதான் கடைசி ஆண்டு. பெற்றோர்கள் கொதித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் புரிகிறது.

பாய்மரப் படகால் காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போக முடியாது. காற்றுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வாக ஒரு பக்கம் கொஞ்ச தூரம், பிறகு திரும்பி மறுபக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். அப்படி ஏறிப்போனால் மேலே ஒரு மிதவை இருக்கும். அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். எல்லாப் படகும் அங்கேதான் வந்து குவியும், எல்லாத் தகராறும் அங்கேதான் நடக்கும். கடைசிப் பந்தயத்தில் நம் மாணவி ஐந்தாவதாக அந்த மிதவைக்கு வந்தாள். திரும்பும்போது படகின் விளிம்பு மிதவையை லேசாக உரசிவிட்டது. முன்னால் போன படகுகள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அவள் பாயே மறைத்துக்கொண்டிருந்தது. நடுவர் படகு வேறு பக்கம் நின்றது.

மிதவையைத் தொட்டால் ஒரு சுற்றுத் தண்டனை. மற்ற படகுகளை விட்டு விலகி வந்து, ஒரு டேக் (படகின் முன்பக்கம் காற்றைக் கடந்து திரும்புவது), ஒரு ஜைப் (பின்பக்கம் காற்றைக் கடந்து திரும்புவது) போட்டு, முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பந்தயத்தைத் தொடர வேண்டும். அவள் அதைத்தான் செய்தாள். அதற்குள் நான்கு படகுகள் கடந்துபோய்விட்டன. ஒன்பதாவதாக முடித்தாள்.

கணக்கையும் போட்டுக் காட்டிவிடுகிறேன். பாய்மரப் பந்தயத்தில் முதலில் வருபவருக்கு 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 3. குறைந்த புள்ளிக்கே வெற்றி, நம் மதிப்பெண் பட்டியலுக்கு நேர் எதிர். பந்தயத்தை முடிக்காதவருக்கு, பதிவு செய்த படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் போடுவார்கள். இந்தச் சுற்றில் ஆறு பந்தயங்கள், அவற்றில் மோசமான ஒன்றைக் கழித்துவிடலாம். அவள் எடுத்தவை 4, 7, 3, 12, 6, 9. பன்னிரண்டைக் கழித்தால் 29. தேர்வான கடைசிப் பிள்ளையின் மொத்தம் 28. அவள் சுற்றாமல் ஐந்தாவதாகவே வந்திருந்தால் 25. வந்த பெற்றோர்களில் ஒருவர் இந்தக் கூட்டலை என் மேசையிலிருந்த துண்டுத்தாளில் போட்டு என் பக்கம் நகர்த்தி வைத்தார். கூட்டலில் பிழை இல்லை.

ஆனால் இந்த விளையாட்டில் ஒவ்வொரு படகுக்கும் பின்னால் விசில் ஊதிக்கொண்டு ஒரு நடுவர் வருவதில்லை. வரவும் முடியாது, தண்ணீர் அத்தனை பெரியது. நடுவர்கள் ரப்பர் படகில் சுற்றி வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரு விஷயத்தைப் பார்க்கத்தான்: காற்று குறைந்த நேரத்தில் யாராவது உடம்பை ஆட்டியோ பாயைத் திரும்பத் திரும்ப இழுத்தோ படகைத் தள்ளுகிறார்களா என்று. அப்படிச் செய்தால் மஞ்சள் கொடி. மற்றதெல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. விதியை மீறினோம் என்று தெரிந்தால் உடனே தண்டனையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை உலகப் பாய்மரக் கூட்டமைப்பான வேர்ல்ட் செயிலிங் வெளியிடும் விதிப்புத்தகம் முதல் விதிக்கும் முன்பே அடிப்படைக் கொள்கையாகச் சொல்லிவிடுகிறது. மற்ற விதிகள் எல்லாம் அதன்மேல் நிற்பவைதான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் புத்தகத்தைத் திருத்துவார்கள். இப்போது நடப்பது 2025 முதல் 2028 வரைக்குமானது. பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

இன்னொருவர் தவறு செய்ததாக நினைத்தால் 'புரோட்டஸ்ட்' என்று உரக்கக் கூவ வேண்டும். கரைக்கு வந்ததும் எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு விசாரணை. ஏழாம் வகுப்பு மாணவிக்கு இந்தமுறை அப்படி ஒரு விசாரணை வந்தது. எதிரெதிர் பக்கத்திலிருந்து காற்று வாங்கும் இரண்டு படகுகள் சந்தித்தால், இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகு, வலப்பக்கத்திலிருந்து வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். இவள் வலப்பக்கக் காற்றில் போனாள், எதிரில் வந்தவன் வழிவிடவில்லை என்பது வழக்கு. விசாரணை மேசையில் வைக்கும் பொம்மைப் படகுகள் பக்கத்து அறையில் இருந்தன. அவை வரும்வரை இவள் காத்திருக்கவில்லை. பென்சில் பெட்டியைத் திறந்து இரண்டு அழிப்பானை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்றின் ஓரம் கடித்த தடத்தோடு இருந்தது, அது தன் படகாம். பென்சில் சீவிதான் மிதவை. அளவுகோலைக் காற்றின் திசைக்கு வைத்து, "இங்கே நான், இங்கே அவர், மூன்று படகு நீளம் இருக்கும்போதே கூப்பிட்டேன்" என்று மூன்று நடுவர்களுக்கு முன்னால் நிதானமாகச் சொன்னாள். வகுப்பில் எழுந்து பதில் சொல்ல வாய் திறக்காத பிள்ளை அது. அவள் வகுப்பாசிரியர் நான் சொல்லியும் நம்பவில்லை.

இனி, என் தவறு ஒன்று. இரண்டாம் நாள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலது ஓரத்தில் தண்ணீர் கருத்துச் சிலிர்த்தது. காற்று அங்கேதான் வருகிறது என்று எனக்கே தெரிந்தது. நம் பையனோ இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தான். "வலப்பக்கம் போடா, வலப்பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டேன். பயிற்சியாளர் வந்து என் கையைப் பிடித்து, "ஐயா, கத்தாதீர்கள், அது வெளியுதவி" என்றார். பந்தயத்தில் இருக்கும் படகுக்கு வெளியிலிருந்து யாரும் இப்படி யோசனை சொல்லக்கூடாது. சொன்னது தலைமையாசிரியர் என்றாலும் புகார் வந்தால் மாட்டுவது பிள்ளைதான். நல்லவேளை, அந்தத் தூரத்துக்கு என் குரல் எட்டவில்லை. தேசிய இறுதிக்கு வருகிற பெற்றோர்கள் கைதட்டலாம், அவ்வளவுதான்.

யோசனை சொல்லியே தீர வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு, பிள்ளையோடு அதே படகில் ஏறிவிடுவது. டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம் அதைத்தான் செய்தார். 1948 முதல் 1960 வரை தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், 1984-இல் 56 வயதில் மகள் டிரினேயோடு மறுபடி ஒலிம்பிக்கில் இறங்கி நான்காவதாக வந்தார். 1988-இலும் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர்கள் ஓட்டிய டொர்னேடோ, இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் வகை. அந்தப் பெயர் நம் 'கட்டுமரம்' கப்பலேறிப் போய்த் திரும்பி வந்ததுதான். ஆப்டிமிஸ்டில் இரண்டு பேருக்கு இடம் இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

படகு கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கவிழும். பழகும் பிள்ளை கவிழ்க்காமல் பழகவே முடியாது. படகுக்குள் காற்றுப் பைகள் கட்டியிருப்பதால் அது மூழ்காது, பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். பிள்ளை நீந்திப் போய், படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடித்துத் தன் எடையைப் போட்டால் எழுந்துவிடும். பிறகு உள்ளே ஏறித் தண்ணீரை இறைக்க வேண்டும். இறைப்பதற்குப் பெரிய கருவி எதுவும் இல்லை. அடியை வெட்டிய பிளாஸ்டிக் கேன் ஒன்று, தண்ணீரோடு போய்விடாமல் கயிற்றால் படகில் கட்டியிருக்கும். லைஃப் ஜாக்கெட்டும் அதில் தொங்கும் விசிலும் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் நாங்கள் தண்ணீரில் இறக்குவதில்லை. உடையோடும் ஜாக்கெட்டோடும் நீந்திக் காட்டாதவர்களுக்குப் படகே கொடுப்பதில்லை. காற்று மிஞ்சினால் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கொடியை ஏற்றிப் பந்தயத்தை ஒத்திப்போடுவார்கள்.

ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பதுதான் விதிப்புத்தகத்தின் முதல் விதி. 1988 ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் பூசானில் நடந்தபோது, கனடாவின் லாரன்ஸ் லெமியூ ஃபின் வகைப் பந்தயம் ஒன்றில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். வேறொரு பந்தயத்தில் இருந்த சிங்கப்பூர் படகு ஒன்று பலத்த காற்றில் கவிழ்ந்து, இருவர் தண்ணீரில் தத்தளிப்பதைப் பார்த்தார். பாதையை விட்டு விலகிப் போய் அவர்களைத் தன் படகில் ஏற்றி, மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து ஒப்படைத்துவிட்டு வந்தார். அதற்குள் ஏராளமான படகுகள் கடந்துவிட்டன. நடுவர்கள் அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியும் மொத்தத்தில் 11-ஆவது இடம்தான். பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒலிம்பிக் குழு அவருக்குப் பியர் தெ கூபெர்தான் பதக்கம் வழங்கியது. பிள்ளைகளுக்கு இந்தச் சம்பவம் மனப்பாடம், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இனி ஏற்பாடுகள். தேசிய இறுதி நான்கு நாள் நடக்கும். அந்த நாட்களில் வரும் வகுப்புத் தேர்வுகளை இரு பிள்ளைகளுக்கும் திரும்பி வந்ததும் தனியாக நடத்துவோம். பாடக் குறிப்புகளை வகுப்பாசிரியர்கள் எடுத்து வைப்பார்கள். மாற்றுத் துணி இரண்டு செட், தாடைக் கயிறு வைத்த தொப்பி, நனைந்தால் வழுக்காத காலணி, வெயிலுக்குப் பூசும் கிரீம், பெரிய தண்ணீர்ப் பாட்டில் ஆகியவை கட்டாயம். ஐந்து நிமிட எண்ணிக்கை வைக்கக்கூடிய கைக்கடிகாரம் ஒன்றும் வேண்டும். பந்தயம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் கொடி ஏறும், நான்கு நிமிடம் இருக்கும்போது இரண்டாவது ஏறும், ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும், சுழியத்தில் முதல் கொடியும் இறங்கும். ஒரு நொடி முந்திக் கோட்டைத் தாண்டினாலும் திரும்பி வந்து மறுபடி கடக்க வேண்டும். கைப்பேசி கரையில் ஆசிரியரிடம் இருக்கும். காற்று வராத நாளில் பிள்ளைகள் மணிக்கணக்கில் சும்மா காத்திருக்க நேரும், படிக்க ஏதாவது கொடுத்தனுப்புங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு வெறும் பழமொழி இல்லை.

புதுப் பாய் வாங்கித் தரட்டுமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். வேண்டாம். எல்லாப் படகும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது இந்த வகையின் விதி. பழக்கமான பாயை இறுதிப் போட்டிக்கு முன்னால் மாற்றுவது, தேர்வன்று காலையில் புதுப் பேனா வாங்குவது போலத்தான். இது அமெச்சூர் தொடர், பரிசுப் பணம் கிடையாது. போக்குவரத்தும் தங்குமிடமும் பள்ளி ஏற்றுக்கொள்ளும். மற்றதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் தயங்காமல் என்னை நேரில் பார்க்கலாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவியைப் பற்றி. திங்கட்கிழமை பெற்றோர்கள் போன பிறகு அவளும் என் அறைக்கு வந்தாள். ஆறுதலாக நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன், சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. ஐ.எல்.சி.ஏ. 4 என்ற சற்றுப் பெரிய படகுக்கு மாற வேண்டும், அதன் பாய் 4.7 சதுர மீட்டர், தன் எடைக்குச் சரியாக இருக்கும், சனிக்கிழமை சிறப்பு வகுப்பிலிருந்து விலக்கு வேண்டும் என்று கேட்டாள். கணக்குப் பாடத்தில் இந்தப் பருவத்தில் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டினேன். பேரம் பேசி, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை என்று முடிந்தது. தேசிய இறுதிக்கும் வருகிறாள், இளையவர்கள் இருவரின் படகையும் கரையில் பார்த்துக்கொள்ள.

ஒப்புதல் படிவமும் மருத்துவச் சான்றும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். பிள்ளைக்கு ஒவ்வாமையோ வழக்கமாகச் சாப்பிடும் மருந்தோ இருந்தால் படிவத்தின் பின்பக்கம் எழுதுங்கள். சென்றமுறை அதை வாய்மொழியாகச் சொன்னவர்கள் இந்தமுறை தயவுசெய்து எழுத்தில் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்