நாய்க்குட்டியில பிழை இல்லை பிள்ளை

அன்பு மகளுக்கு,

இஞ்ச எல்லாரும் சுகம், மழையும் தொடங்கீட்டுது. சின்னவளுக்குப் பூச்சி எண்டும் இஞ்ச நாய்க்குட்டியோட விளையாடினதாலதான் எண்டு மருமோன் சொல்லுறார் எண்டும் அம்மாட்டச் சொன்னனியாம். அதுக்குப் பிறகு ஃபோன் எடுக்கேல்லை. வேலை கூடவாக்கும்.

ராவில பின்பக்கம் சொறியிறாள், வெள்ளை நூல் மாதிரி நெளியுது எண்டா அது கீரிப்பூச்சி. அது மனிசரிட்ட இருந்து மனிசருக்குத்தான் தொத்தும், நாயிட்ட இருந்து வராது. நாயின்ர வட்டப்புழு வேற, அது மனிசற்ற குடலில வளராது, குஞ்சுப்புழுவாவே ஈரல், நுரையீரல், கண் எண்டு அலையும், தாய் வயித்துக்குள்ளயே குட்டிக்குத் தொத்தீடும் எண்டபடியாத்தான் நான் குட்டியளுக்கு ரண்டு கிழமையில இருந்தே பூச்சி மருந்து குடுக்கிறனான். மிருக வைத்தியர்மாரோட இவ்வளவு காலம் வேலை செய்த மனிசன் பேத்தியக் கவனிக்காம விடுவனோ?

உனக்குத் தெரியாததே. கறுத்த ஆட்டின்ர கண்ணிமையப் பிரிச்சு வெளிறிப்போச்சு அப்பா எண்டு முதல் சொன்னதே நீதான், தாடைக்குக் கீழ நீர் வைக்க முதலே பிடிச்சனி. கொழுக்கிப்புழு மனிசற்ற குடலில ரத்தம் குடிக்கிற மாதிரித்தான் ஆட்டுக்கு வாற புழுவும் அதின்ர வயித்தில ரத்தம் குடிச்சு வெளிற வைக்கிறது. கம்பஸில விலங்கியல் படிச்சு முதல் வகுப்பில பாஸ் பண்ணின பிள்ளை, மருமோனுக்கு இத எடுத்துச் சொல்ல ஏலாமலே போச்சு?

டொக்டரிட்டக் கேட்டு வீட்டில எல்லாருக்கும் ஒரே நாளில மருந்து குடு, மருமோனும் குடிக்கோணும், ரண்டு கிழமையால திருப்பியும் குடுக்கோணும், மருந்து பூச்சியக் கொல்லும், முட்டையக் கொல்லாது. பெண்பூச்சி ராவில வெளிய வந்து ஆயிரக்கணக்கில முட்டை இடும், சொறியேக்க நகத்துக்குள்ள போய் அப்பிடியே வாய்க்குள்ள போகும், பெட்சீற்றிலயும் ரண்டு மூண்டு கிழமை உயிரோட கிடக்கும். நகத்த ஒட்ட வெட்டு. காலமை எழும்பின உடன பின்பக்கத்தக் கழுவி விடு, பெட்சீற்றச் சுடுதண்ணியில தோய். நகத்த ஒட்ட வெட்டு பிள்ளை, அவள் விரல் சூப்பிறவள்.

குளிர் நாட்டிலயும் கீரிப்பூச்சி தாராளமா இருக்கு, பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளைக்கு வந்தா மற்றப் பிள்ளையளுக்கும் லேசாத் தொத்தும். நீங்கள் நல்லூர்த் திருவிழா முடிஞ்சு போய் மூண்டு மாசம், இஞ்ச இருந்துதான் கொண்டு போனது எண்டு ஆரும் அடிச்சுச் சொல்ல ஏலாது.

அடுத்த வருசத்துக்கு ரிக்கற் போடேல்லையாம் எண்டு தம்பி சொன்னான். நான் அதைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. அம்மா நாய்க்குட்டிய ஆருக்காவது குடுத்திடுவம் எண்டு நிக்கிறா. அதில பிழை இல்லைத்தான், எண்டாலும் நீங்கள் வாறதுக்கு அதுதான் தடையெண்டா நாளைக்கே குடுத்திடுறன்.

ரண்டாந்தரம் மருந்து குடுத்தாச்சோ, மருமோனும் குடிச்சவரோ எண்டு வட்சப்பில ஒரு வரி போட்டுவிடு.

அப்பா