நுளம்பு விடுகிறார்கள் என்று பயப்படாதே

வெள்ளவத்தை

அன்புள்ள மகளுக்கு,

சிங்கப்பூரில் உங்கள் புளொக்குக்குக் கீழே நுளம்பு திறந்துவிடுகிறார்கள் என்று பயந்து எழுதியிருந்தாய். அவை ஆண் நுளம்புகள் பிள்ளை, கடிக்காது. ஆணுக்குத் தோலைத் துளைக்கும் வாயே இல்லை, பூந்தேன்தான் சாப்பாடு.

அவற்றின் உடம்பில் வொல்பக்கியா என்ற பக்டீரியா இருக்கிறது. அந்த ஆணோடு சாதாரணப் பெண் நுளம்பு சேர்ந்தால் முட்டை பொரியாது. டெங்கு பரப்பும் இந்த இனத்தில் பெண் பெரும்பாலும் ஒருமுறைதான் சேரும். அது வீணானால் அதோடு சரி. பிசகக்கூடிய இடம், ஆண் பெண் பிரிக்கும் கட்டம். கூட்டுப்புழுப் பருவத்தில் பெண் பெரிது, ஆண் சிறிது. அந்தப் பருமனைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். வொல்பக்கியா உள்ள பெண்ணும் தப்பி வெளியே போனால் அதன் முட்டைகள் பொரிக்கும், அந்த வம்சம் பெருகிவிட்டால் பிறகு ஆண்களை எத்தனை விட்டாலும் பலனில்லை. அதனால் அங்கே குறைந்த அளவில் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி, கலந்துவிட்ட பெண்களையும் மலடாக்குகிறார்கள்.

இங்கே இலங்கையில் வழி வேறு. 2020இல் நுகேகொடையிலும் கொழும்பு நகரின் ஒரு பகுதியிலும் ஆண், பெண் இரண்டையுமே விட்டார்கள். தாயிடமிருந்து முட்டை வழியாக வொல்பக்கியா அடுத்த தலைமுறைக்குப் போகும். அது குடியிருக்கும் நுளம்பில் டெங்கு வைரஸ் இலகுவில் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவை 24 பகுதிகளாக்கி, 12இல் மட்டும் இப்படி விட்டுப் பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவு: அங்கே டெங்கு 77 சதவீதம் குறைவு, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 86 சதவீதம் குறைவு. தடுப்பு முறைகளில் இவ்வளவு உறுதியாகச் சோதிக்கப்பட்டவை மிகச் சில. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை.

அதற்காகத் தண்ணீரைக் கவனிக்காமல் விடாதே. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் முட்டை போகாது. விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய். பூச்சாடித் தட்டு, பிரிட்ஜின் பின்தட்டு, உடுப்புக் காயப்போடும் மூங்கில் செருகும் குழாய் மூன்றையும் மறக்காதே.

அறைத்தோழிக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொரு விஷயம். 2022இல் வந்த ஓர் ஆய்வில், டெங்கு தொற்றிய எலிகளின் தோலிலிருந்து அசெற்றோபெனோன் என்ற வாசனைப் பொருள் கூடுதலாக வெளிவந்தது, நுளம்புகள் அவற்றைத் தேடிப் போயின. டெங்கு நோயாளிகளின் தோலிலும் அது கூடுதலாக இருந்தது. ஆகையால் முதல் ஐந்து நாளும் பகலில்கூட அவள் வலைக்குள்ளேயே படுக்கட்டும். அவளைக் கடித்த நுளம்பு பிறகு உன்னிடம் வரக்கூடாது.

காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிற்றமோல்) மட்டும். அஸ்பிரின், புரூபன் (இபுபுரொபன்) இரண்டும் இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்டதும் ஆறுதல் அடையாதே, ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். வயிற்றுவலி, விடாத வாந்தி, பல் முரசில் இரத்தம், எழும்ப முடியாத சோர்வு என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பப்பாசி இலைச்சாறு குடித்துப் பார்ப்போம் என்று நேரம் கடத்த வேண்டாம். வெறும் தண்ணீரை விடக் கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல்) நல்லது. சிவப்பு, மண்ணிறக் குடிபானம் கொடுக்காதே. வாந்தி எடுத்தால் அது இரத்தமா இல்லையா என்று டொக்டருக்குப் பிரித்தறிய முடியாது.

அன்புடன்,
அம்மா