சிக்கன்காரியா? முதலில் துணியைப் புரட்டிக் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மகளிர் இணைப்பில் லக்னோவின் கைப் பூத்தையலான சிக்கன்காரியை ஒரே நாளில் கற்கலாம் என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன, குறை சொல்ல மனமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அத்தனை படங்களில் ஒன்றில்கூடத் துணியின் பின்பக்கம் இல்லை. கட்டுரை ஷேடோ வொர்க் என்று புகழ்கிற அந்தத் தையல், லக்னோக்காரர்கள் பக்கியா என்று சொல்வது, தொடக்கம் முதல் முடிவு வரை துணியின் உள்பக்கத்தில் நடக்கிற வேலை. வெளிப்பக்கத்தை மட்டும் படம் பிடித்துப் போட்டுவிட்டுச் செய்து பாருங்கள் என்றால், வீட்டில் உட்கார்ந்து பத்திரிகையைப் பார்த்துப் பழகுகிறவர் என்னதான் செய்வார்? மேலே இரண்டு வரிசை கெட்டித் தையல் போட்டு, நடுவில் வெள்ளை நூலால் அடைத்து வைப்பார். அதுவும் தையல்தான், ஆனால் பக்கியா இல்லை.

கணவருக்கு ரயில்வே உத்தியோகம் என்பதால் சில வருடங்கள் லக்னோவில் குடியிருந்தோம். சௌக் பக்கத்துப் பழைய சந்துகளில் மத்தியான நேரம் போனால், வாசல் வெளிச்சத்தில் பெண்கள் மடியில் துணியோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு வீட்டில், அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற ஒரு பெரியவரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். அவர் எடுத்தவுடன் பூ போடச் சொல்லித்தரவில்லை. மல்மல் பருத்தித் துணித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரே ஒரு இலை, அதையே திரும்பத் திரும்பப் போடு என்றார். போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் முன்பக்கத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார், நேரே புரட்டுவார். பின்பக்கம் சரியாக இருந்தால் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்பது அவர் கணக்கு.

அந்த இலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், கட்டுரையில் விட்டுப்போனது இதுதான். லக்னோவில் மரத்தில் செதுக்கிய அச்சை நீலம் கலந்த பசைத் தண்ணீரில் தொட்டு, துணியின் நல்ல பக்கத்தில் ஒற்றி எடுப்பார்கள். மல்மல் மெல்லிய துணி, அதனால் அந்த நீலக் கோடு உள்பக்கமும் தெரியும். உள்பக்கம் நம்மைப் பார்த்திருக்கும்படி துணியைப் பிடித்து, இலையின் நுனியில் ஆரம்பிக்க வேண்டும். மேல் கோட்டில் ஒரு சின்னத் தையல், அங்கிருந்து நூல் சாய்வாகக் குறுக்கே போய்க் கீழ்க் கோட்டில் ஒரு சின்னத் தையல், மறுபடி மேலே. தையல் வகுப்பில் ஹெர்ரிங்போன் என்று படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் வகுப்பில் சொல்வதுபோல இடைவெளி விட்டுப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஊசி கோட்டில் கொஞ்சம் முன்னால் இறங்கி, அதே கோட்டில் முந்தைய தையல் முடிந்த துளையிலேயே திரும்ப வெளியே வர வேண்டும். ஒரு இழை தள்ளி வந்தாலும் முன்பக்கத்தில் கோடு உடைந்து தெரியும். சரியாக வந்தால் துணியைத் திருப்பும்போது இலையின் இரண்டு ஓரங்களிலும் பொடிப்பொடியாக ஒரு கோடு இருக்கும், நடுவில் ஒரு தையலும் இருக்காது, உள்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகப் போன நூல் மட்டும் மூடுபனி மாதிரி வெளியே தெரியும்.

இலை நேர்கோடாக இருந்தால் பிரச்சினை இல்லை, எந்த இலையும் நேர்கோடாக இருப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. வளைகிற இடத்தில் வெளி ஓரம் நீளம், உள் ஓரம் குட்டை, ஆனால் இரண்டு பக்கமும் தையல் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்போது வெளியே கொஞ்சம் பெரிதாகவும் உள்ளே நெருக்கமாகவும் போட்டுச் சமாளிக்க வேண்டும். இதைக் கையே கற்றுக்கொள்ளும், சொல்லித்தர முடியாது. இலை ரொம்ப அகலமாக இருந்தால் உள்ளே ஓடுகிற நூல் நீளமாகிவிடும், வளையலில் மாட்டும், துவைக்கும்போது இழுபடும். அதனால் நடு நரம்பு ஒன்று வைத்து இரண்டு பாதியாகப் பிரித்துப் போடுவார்கள். உங்கள் கட்டுரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே இதழாக ஒரு பூ வரைந்து தந்திருக்கிறார்கள், அதை யாராவது பக்கியாவில் போட்டுப் புடவையில் கட்டினால் முதல் துவையலிலேயே தெரிந்துவிடும்.

நூலில் முடிச்சுப் போடவே கூடாது. துணி மெல்லியது, முடிச்சு ஒரு அழுக்குப் புள்ளி மாதிரி முன்னால் தெரியும். நுனியைத் தையலுக்கு அடியிலேயே செருகிவிட வேண்டும். ஒரு இலை முடிந்ததும் நூலை இழுத்துக்கொண்டு அடுத்த இலைக்குத் தாவவும் முடியாது, அந்த இழையும் வெளியே நிழலாகத் தெரிந்துவிடும். நல்ல வேலைக்கு ஒன்று அல்லது இரண்டு இழைதான். கடையில் சல்லிசாகக் கிடைக்கிற குர்த்தாக்களில் தடிமனான நூலை வைத்து அரை அங்குலத்துக்கு ஒரு தையலாகத் தாவித் தாவிப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு இதென்ன பெரிய வித்தை என்று நம் ஆட்கள் கேட்பதும் நியாயந்தான்.

அப்புறம், ஆரி தெரிந்தவர்களுக்கு இது ஒரே நாளில் வந்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் இப்போது தெருவுக்குத் தெரு ஆரி வகுப்பு, கல்யாண ரவிக்கை ஆர்டரில் பல குடும்பங்கள் நடக்கின்றன, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆரியில் துணி ஃபிரேமில் முரசுபோல விறைத்து நிற்கும், கொக்கி ஊசி மேலிருந்து இறங்கி அடியில் இருக்கும் நூலை இழுத்து வரும். பக்கியாவுக்கு நான் பார்த்த வீடுகளில் ஃபிரேமே கிடையாது. இடது கை ஆள்காட்டி விரல் மேல் துணியைப் போட்டு, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அந்த விரலின் தொடு உணர்விலேயே நூலை எவ்வளவு இழுக்கலாம் என்று கண்டுபிடிப்பார்கள். கொஞ்சம் அதிகம் இழுத்தால் துணி சுருங்கும், கொஞ்சம் விட்டால் நூல் தொளதொளவென்று தொங்கும். ஆரிக் கை வேகமான கை. அந்த வேகத்தை முதலில் மறக்க வேண்டியிருக்கும்.

ஒரே நாள் வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லித்தருவது என்ன என்று விசாரித்துப் பார்த்தேன். கொஞ்சம் டேப்ச்சி என்கிற ஓட்டுத் தையல், ஒன்றிரண்டு ஃபந்தா முடிச்சு, ஒரு காம்புத் தையல், மாலையில் சான்றிதழ். பார்க்க சிக்கன்காரி மாதிரி ஒன்று வந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் அரிசி மணி மாதிரி உருண்டு நிற்கிற முர்ரியோ, ஒரு இழையும் அறுக்காமல் ஊசியாலேயே இழைகளை ஒதுக்கிச் சல்லடையாக்குகிற ஜாலியோ எப்போது கற்பது? சிக்கன்காரியின் முப்பது சொச்சம் தையல்களில் எதற்குப் போவதானாலும் கை படிய வேண்டும், அதற்குப் பக்கியாதான் சரியான ஆரம்பம் என்பது என் கட்சி. முர்ரியில் நன்றாக இல்லையென்றால் ஏதோ சுமார் என்று தோன்றும், பக்கியாவில் ஒரு இடம் தப்பினால் அது எந்த இடம் என்று துணியே காட்டிக்கொடுக்கும். மாதக் கணக்கில் இலை மட்டும் போடு என்றால் யார் பணம் கட்டி வருவார்கள் என்று வகுப்பு நடத்துபவர்கள் கேட்பார்கள். சரி, நியாயம். அப்படியென்றால் விளம்பரத்தில் சிக்கன்காரி அறிமுகம் என்று போடட்டுமே, கற்றுத் தேறலாம் என்று எதற்கு?

முகலாயப் பேரரசி நூர்ஜஹான் சிக்கன்காரியைக் கண்டுபிடித்தார் என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. அது லக்னோவில் எல்லோரும் ஆசையாகச் சொல்கிற கதை, நானும் ரசித்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் கதையாகவே சொல்லலாம். 1775ல் அவத் அரசின் தலைநகரம் ஃபைசாபாத்திலிருந்து லக்னோவுக்கு மாறிய பிறகு நவாபுகளின் ஊரில் இந்த வேலை தழைத்தது என்று எழுதினால் போதும். 2008ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும், 2024ல் லக்னோவின் நசீம் பானோவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்ததையும் அந்த இடத்தில் சேர்த்திருக்கலாம். (அவர் போடுகிற அனோக்கி சிக்கனில் தையல் துணியின் அடிப்பக்கம் தெரியவே தெரியாது. நான் இவ்வளவு நேரம் புரட்டிப் பார், புரட்டிப் பார் என்று சொல்வதற்கு அது ஒன்றுதான் விலக்கு!)

வாங்குகிறவர்களுக்கும் இந்தப் புரட்டல் உதவும். மெஷினில் போட்டதைத் திருப்பினால் பின்னால் பாபின் நூல் ஒரே சீராக ஓடியிருக்கும், நூறு பூவும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், ஜாலி என்ற பெயரில் துணியை ஓட்டை போட்டிருப்பார்கள். கையால் போட்டதில் ஒரு இலை இன்னொரு இலை மாதிரி இருக்காது. கண்காட்சிகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, கைவேலை என்று ஒரே பலகை மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மெஷின் குர்த்தாவின் விலையைச் சொல்லி அசல் குர்த்தாவைப் பேரம் பேசுகிறார்கள் நம் பெண்கள். அந்தப் பேரத்தின் அடி, ஏஜென்ட் கைக்கு வந்து, அவர் கைமாறி, கடைசியில் ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற, லக்னோவை அடுத்த காக்கோரி, மலிஹாபாத் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலையில் போய் விழுகிறது. அச்சுப் போடுகிறவர், நீலம் போக வெளுத்துத் தருகிற சலவைக்காரர் என்று பல கை மாறி வருகிற துணியில் அதிக நேரம் உட்காருகிறவர் அவர்தான், குறைவாக வாங்குகிறவரும் அவர்தான்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இதைத் தொடராகப் போடப்போகிறோம் என்று கட்டுரையின் கீழே அறிவித்திருக்கிறீர்கள், சந்தோஷம். அடுத்த பகுதியில் பூவெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு இலையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அருகருகே வைத்து, கண்ணுக்குத் தெரிகிற அளவில் பெரிதாக்கிப் போடுங்கள், ஊசி எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். வண்ணப் பக்கத்தில் இடம் இல்லை என்றால் கறுப்பு வெள்ளையே போதும், வெள்ளைத் துணியில் வெள்ளை நூலுக்கு அது தாராளம். கோட்டுப் படம் வேண்டுமானால் நானே வரைந்து அனுப்புகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஸ்ரீரங்கம்.