செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோடைப் பயிற்சி முகாம் நல்லபடியாக நடந்தது. வலைப்பயிற்சிக் கம்பங்களுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. சந்தா பாக்கி வழக்கம்போல் இருக்கிறது. இந்த ஆண்டு நமது கிரிக்கெட் சங்கத்தின் பெரிய வேலை மைதானத்து மழைநீர்தான்.

2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, பெவிலியனுக்குப் பின்னால் குழி வெட்டி ஜல்லி நிரப்பினார்கள். சட்டத்துக்குக் கணக்குக் காட்டியதோடு சரி, பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. 2019 கோடையில் போர்வெல் வற்றி, பிட்ச்சில் தெளிக்கக்கூட லாரித் தண்ணீர் வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். சென்ற ஆகஸ்டில் குழியைத் தோண்டினால், ஜல்லி தெரியாதபடி சேறு இறுகிக் கிடந்தது. நடுவே பிளாஸ்டிக் டம்ளர்கள், பாதாம் இலைகள், இரண்டு டென்னிஸ் பந்துகள். தண்ணீர் எங்கே இறங்கும்?

இப்போது கூரைத் தண்ணீர் ஒரு வழி, தரைத் தண்ணீர் ஒரு வழி. கூரையைக் கழுவி வரும் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்து வருவதை வடிகட்டிச் சம்ப் எனும் நிலத்தடித் தொட்டியில் சேர்க்கிறோம். திடலில் ஓடும் தண்ணீர் வண்டல் தொட்டியில் தெளிந்து உறைகிணற்றில் இறங்குகிறது. வண்டி நிறுத்துமிடத்துத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் அதைக் கிணற்றுப் பக்கமே விடவில்லை.

சம்ப்பைப் பெரிதாகக் கட்டியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 10 மி.மீ. மழை பெய்தால் நமது 3,000 சதுர அடிக் கூரையில் சுமார் 2,800 லிட்டர் கிடைக்கும். 2 ஏக்கர் திடலில் விழுவதோ சுமார் 80,000 லிட்டர். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எவ்வளவு பெரிய சம்ப் கட்டினாலும் போதாது. நிலத்துக்குள் இறக்குவதே என் கட்சி. பெசன்ட் நகர் போல நமக்குக் கடற்கரை மணல் இல்லை, மேலே களிமண். களியைத் தாண்டி மணல் தட்டும்வரை உறை இறக்கியதால்தான் செலவு கூடியது.

மிட்விக்கெட் பக்கம் நாள்கணக்கில் தேங்கிய தண்ணீர் இந்த முறை சீக்கிரம் வடிந்தது. போர்வெல் தண்ணீரின் உப்பு இல்லாததால் பிட்ச் ஓரத்துப் புல் கருகவில்லை என்கிறார் மைதானப் பராமரிப்பாளர்.

வண்டல் தொட்டியைச் செப்டம்பரிலும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்பும் தூர்வார வேண்டும். அந்தக் கூலியைப் பட்ஜெட்டில் தனித் தலைப்பாக ஒதுக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. கேன்டீனில் பிளாஸ்டிக் டம்ளரை நிறுத்தவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்