வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கை மின்னஞ்சலில் போய்ச் சேரும்.

பொங்கல் விழா, கோடைக்காலப் பிக்னிக் இரண்டும் வழக்கம்போல் நடந்தன. சாப்பாடு இருந்ததால் கூட்டமும் இருந்தது.

அப்புறம் ‘நம் ஊருக்கு ஏன் இந்தப் பெயர்?’ என்ற தொடர். என் யோசனை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கலிபோர்னியாவின் பர்லிங்கேம் ஸ்டேஷனில் தினமும் ரயில் ஏறுகிறோம்; ஆன்சன் பர்லிங்கேம் யாரென்று கேட்டால் விழிக்கிறோம். அவர் மாசசூசெட்ஸின் காங்கிரஸ் உறுப்பினர். 1856-ல் செனட் அவைக்குள்ளேயே அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சார்லஸ் சம்னரைக் கைத்தடியால் அடித்து வீழ்த்திய தெற்கத்திய காங்கிரஸ் உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸை, காங்கிரஸில் கிழி கிழியென்று கிழித்தார். புரூக்ஸ் ஒற்றைக்கு ஒற்றை மோதக் கூப்பிட்டார். சரி, ரைஃபிள், நயாகரா அருவிக்குப் பக்கத்தில் கனடாக் கரை என்று பதில் போனது. வடக்கு மாநிலங்களைத் தாண்டி வருவது ஆபத்து என்று புரூக்ஸ் வரவேயில்லை. நம் உறுப்பினர்கள் வராததற்குக் காரணம் 101 நெடுஞ்சாலை நெரிசல்.

1861-ல் லிங்கன் பர்லிங்கேமை ஆஸ்திரியாவுக்குத் தூதராக நியமித்தார். ஹங்கேரி விடுதலைக்குப் பரிந்து பேசியவர் என்று ஆஸ்திரியா ஏற்க மறுத்தது. அமெரிக்கத் தூதராகச் சீனாவுக்குப் போனார். 1867-ல் அந்தப் பதவியை விட்டதும் சீன அரசே அவரைத் தன் தூதராக்கி அமெரிக்காவுக்கு அனுப்பியது! அவர் முடித்த 1868 ஒப்பந்தம் சீனர்கள் இங்கே குடியேறும் உரிமையை ஏற்றது. குடியுரிமைக்கு மட்டும் வழி செய்யவில்லை. 1882 சட்டம் சீனத் தொழிலாளர் வருவதையே தடுத்தது. கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் கேட்டிருக்க வேண்டிய கதை. அன்று அரங்கில் ஏழு பேர். ஒருவர் வைஃபை பாஸ்வேர்ட் கேட்க வந்தவர்.

1870 பிப்ரவரியில், சீனத் தூதராகவே, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பர்லிங்கேம் இறந்தார். வயது 49. இங்கே வாங்கிய நிலத்தில் வீடு கட்ட வாய்க்கவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன, விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி வைத்தவர்கள் பெயரை வாசிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். இரண்டு மாத அறை வாடகை என் கையிலிருந்து போனது, அதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தலைவர், பொருளாளர், காபி போட்டுத் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளராகத் தொடரும் எண்ணம் எனக்கில்லை. வேறு யாரும் முன்வராவிட்டால் பார்க்கலாம். பீக்கிங்கில் பர்லிங்கேம் கழித்த ஆண்டுகளைப் பற்றிய குறிப்புகள் தயாராக இருக்கின்றன, குறைந்தது நான்கு அமர்வுகளுக்கு வரும்.