புத்தன்வீட்டுக்காரனுக்கு

பாம்ப்லோனா

அன்புள்ள சவரி,

உன் கடிதம் வந்து எத்தனையோ நாளாகிறது. திட்டுவதென்றால் திட்டிவிடு, நேரில் வரும்போது பாக்கி வைக்காதே. முட்டுவலி பரவாயில்லை. மகளும் மருமகனும் சுகம். பேத்தி தெருவில் ஸ்பானிஷ் பேசுகிறாள், என்னிடம் சண்டை போட மட்டும் தமிழ். தாணுவின் குடை என்னிடம் இல்லை என்று இன்னொரு தடவை அவனிடம் சொல். நம்ப மாட்டான், இருந்தாலும் சொல்.

இப்போது எழுத உட்கார்ந்தது உன் பெயரைப் பற்றி. சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை வைத்து நாங்கள் படுத்திய பாடும், கணக்கு வாத்தியார் எழுந்து வந்து உன் தலைமுடியை இழுத்துப் பார்த்ததும் உனக்கு மறந்திருக்காது. அந்தப் பெயருக்குச் சொந்த ஊர் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது, மக்கா.

இங்கே ஸ்பெயினில் அடுக்குமாடிக் கட்டடம் என்றால் வாசலில் வரிசையாகத் தபால் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆளின் பெயர், அப்பா வழிக் குடும்பப்பெயர், அம்மா வழிக் குடும்பப்பெயர் மூன்றும் இருக்கும். கல்யாணமானாலும் பெண்கள் தங்கள் பெயரை விடுவதில்லை. எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு எச்செபெர்ரியா, நாலாம் மாடியில் ஒரு எச்செவெரியா. தரைத்தளத்துப் பல் டாக்டருக்கு அம்மா வழியில் இன்னொரு எச்செபெர்ரியா. எல்லாரும் பங்காளிகளா என்று மகளிடம் கேட்டேன். இரண்டும் நாலும் மகனும் அப்பாவுமாம், பல் டாக்டருக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லையாம். அப்பா பழைய ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டலில் போடுகிறார். மகன் பாஸ்க் எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிக்கொண்டான், பாஸ்க் என்றால் இந்தப் பக்கத்துப் பழைய மொழி. சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் பாஸ்க் பெயர் வைக்கவே விடமாட்டார்களாம். அவர் 1975இல் போன பிறகு ஒவ்வொருவராக மாற்ற ஆரம்பித்து, 1999இல் அதற்குச் சட்டத்திலேயே வழி வந்துவிட்டது. நாலாம் மாடிக் கிழவரை லிப்டில் பார்த்துக் கேட்டேன், மகள் மொழிபெயர்த்தாள். பென்ஷன் காகிதமெல்லாம் பழைய எழுத்தில் இருக்கிறது, இனி யார் அலைவது என்றார். நியாயம்தானே!

எச்செபெர்ரியா என்ற பெயரின் அர்த்தத்துக்கு வருகிறேன். எச்சே என்றால் வீடு, பெர்ரி என்றால் புதிது. நம் ஊர் புத்தன்வீடு, அவ்வளவுதான். அத்தோடு விட்டார்களா! கொயிகோஎச்சேயா என்றால் மேலவீடு. இத்துர்ரால்டே ஊற்றடி வீடு. தென் அமெரிக்காவில் ஒரு நாடே தன் பெயரை எடுத்துக்கொண்டதே, அந்த விடுதலை வீரர் பொலிவாரின் மூதாதையர் ஊர் இங்கே பிஸ்காயா மாகாணத்தில் ஒரு குக்கிராமம், அந்தப் பெயருக்கு ஆலை இருக்கிற பள்ளத்தாக்கு என்று பொருள். பாஸ்க் குடும்பப்பெயர்களில் பெரும்பாலும் இப்படி வீடு, காடு, மலை, தண்ணீர்தான். கிராமத்துப் பக்கம் போனால் சில வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே கல்லில் பெயரும் வருஷமும் கொத்தியிருக்கும். அந்த வீட்டில் யார் குடியிருந்தாலும் அவர்களுக்கு ஊரார் வாயில் அந்த வீட்டுப் பெயர்தான், வாடகைக்கு இருந்தவனுக்கும்கூட. அப்புறம் கோயில் ஞானஸ்நான ஏட்டில் எழுத ஆரம்பித்த காலத்தில் அந்தந்தக் குடும்பத்தோடு அது ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயர் ஏன் இவ்வளவு பெருகியது என்று நான் குடைந்ததில் தெரிந்தது இது. எந்த ஊராக இருந்தாலும் என்றோ ஒரு நாள் யாராவது புதிதாக வீடு கட்டியிருப்பார்கள். ஊருக்கொரு புத்தன்வீடு, அதனால் ஊருக்கொரு எச்செபெர்ரியா குடும்பம். ஒரே தாத்தாவிலிருந்து கிளைத்ததில்லை. மேற்கே பிஸ்காயாவில் 'பார்ரி' என்று சொல்வதால் அங்கே எச்செபார்ரியா, அதே பெயரில் ஒரு ஊரும் உண்டு. பிரான்ஸ் பக்கம் எட்செவெரி. கடல் தாண்டினால் சவார்ரியா (உன் தம்பி இதைக் கேட்டால் குதிரை வாங்கிவிடுவான்).

கடல் தாண்டியதற்கும் வீடுதான் காரணம். இங்கே பண்ணை வீட்டைப் பாகம் பிரிக்க மாட்டார்கள். நிலம், தொழுவம், பெயர் எல்லாம் ஒரே பிள்ளைக்கு. அது மூத்தவனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பெண்ணாகவும் இருக்கலாம், பெற்றவர்கள் வைத்ததுதான் சட்டம். மற்றவர்களுக்கு இந்த நவார்ரா மாநிலச் சட்டத்தில் என்ன தெரியுமா? 5 காசும் பொதுமலையில் ஒரு துண்டு நிலமும். அந்தக் காசும் நிலமும்கூடக் கையில் வராது, உயிலில் எழுத மட்டும். பெரிய மனசுக்காரர்கள்! அப்புறம் இளையவனுக்கு மிச்சம் இருப்பது சாமியார், சிப்பாய், கப்பல். அர்ஜென்டினாவுக்குப் போனான், மெக்சிகோவுக்குப் போனான், அமெரிக்காவில் நெவாடா, ஐடஹோ பக்கம் ஆடு மேய்த்தான். வீடு கிடைக்காதவன் வீட்டின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். 1970 முதல் 1976 வரை மெக்சிகோ அதிபராக இருந்தவர் லூயிஸ் எச்செவெரியா. அர்ஜென்டினாவில் எஸ்தேபான் எச்செவெரியா என்று 19ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய கவிஞர்.

இதில் நீ எங்கே வருகிறாய் என்றா கேட்கிறாய்? பாம்ப்லோனாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கோட்டை. அதன் பழைய பெயரும் எச்செபெர்ரிதான். இந்தப் பக்கத்து மக்கள் வாயில் முன்னால் இருந்த எ உதிர்ந்து, ஷவியேர் ஆகிவிட்டது. இன்றைய ஸ்பானிஷில் ஹவியேர். 1506இல் அங்கே பிறந்த கடைக்குட்டிதான் உங்கள் சவேரியார். அப்பா வழியில் ஹாஸோ, அம்மா வழியில் அஸ்பில்குவேதா. இந்த இரண்டையும் யாரும் சொல்வதில்லை, வீட்டின் பெயர்தான் நின்றது. அவருக்குப் பத்து வயதில் காஸ்தில் ராஜ்யத்துக்காரர்கள் கோட்டைக் கோபுரங்களை இடித்தார்கள். இருந்த வீடு மூத்த அண்ணனுக்கு. 1525இல் பாரிஸுக்குப் படிக்கப் போனவர் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கரையில் நின்றார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், இவர்கள் பேச்சு மலபார், என் பேச்சு பாஸ்க், ஒருவர் சொல்வது ஒருவருக்கு விளங்கவில்லை என்கிறார். மலபார் என்று அவர் சொன்னது நம் தமிழைத்தான். தமிழும் போர்த்துகீசும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டாராம்.

1622இல் புனிதர் பட்டம் கொடுத்ததும் வீட்டுப் பெயர் ஆள் பெயராகிவிட்டது. ஸ்பெயினில் எங்கே திரும்பினாலும் ஒரு ஹவியேர். பிரேசிலில் ஷவியேர் மறுபடியும் குடும்பப்பெயர். கோட்டாற்றில் நீ. சவரிமுத்து, புத்தன்வீடு, கோட்டாறு என்று இத்தனை வருஷமாக உனக்கு விலாசம் எழுதுகிறேனே, புதுவீட்டு முத்து, புதுவீடு என்றல்லவா எழுதியிருக்கிறேன்!

கோட்டைக்கும் போனேன். இடித்ததைப் பின்னால் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே சின்னக் கோயிலில் மரத்தில் செய்த சிலுவைநாதர், முகத்தில் புன்சிரிப்பு. சுற்றிச் சுவரெல்லாம் எலும்புக்கூடுகள் ஆடுகிற சித்திரம். பேத்தி பயப்படவில்லை, தானும் ஆடிக் காட்டினாள். காவலாளி முறைத்தார்.

சரி, இனி விளையாட்டில்லை. உன் கடிதத்தில் கடைசிப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பாகப் பிரிவினைக்கு அண்ணன் வக்கீல் நோட்டீஸ் விட்டதும், நீங்கள் ஒரே தெருவில் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் நடப்பதும் எனக்குச் சகிக்கவில்லை. இங்கத்து வழக்கத்தைச் சொன்னது உனக்குச் சாதகமாகப் பேசுவதற்கு அல்ல. முழு வீடும் உனக்கே என்று எழுதிக் கொடுத்தால் நீயும் தூங்க மாட்டாய். ஆனால் நாலு பங்காக வெட்டினால் ஒருவனுக்கு அடுக்களை, ஒருவனுக்குத் திண்ணை, நடுவில் ஒரு மதில். அது யாருக்கு வேண்டும்? ஒருவன் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நியாயமான விலை கொடுக்கட்டும், இந்தக் காலத்துக்கு 5 காசு போதாது. அந்த ஒருவன் அண்ணனாக இருந்தாலும் நீ சம்மதிக்க வேண்டும். ரோசம்மாவிடமும் கேட்டுப் பார், அவளுக்கு உன்னைவிட நிதானம் அதிகம்.

டிசம்பர் 3 சவேரியார் திருநாள். அதே நாளை இங்கே 1949 முதல் பாஸ்க் மொழி நாளாகவும் கொண்டாடுகிறார்கள். மகள் இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறாள். மாட்டேன், கொடியேற்றத்துக்கு நான் கோட்டாற்றில் இருப்பேன். வந்த மறுநாள் இரண்டு பேரும் அண்ணனைப் போய்ப் பார்ப்போம். நீ காப்பியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திரு, பேச்செல்லாம் என்னிடம் விடு. அதுவரை அந்த நோட்டீசுக்குக் கோபத்தில் பதில் அனுப்பித் தொலைக்காதே.

உன்,
நாகு